பூசாத நிறம்

அமெரிக்காவில் ஒரு பொழுதுபோக்கு உண்டு. தபாலில் ஒரு நீளமான அட்டைப் பெட்டி வரும். உள்ளே இருநூறு ஆண்டுக்கு முந்தைய மாதிரியில் ஒரு கைத்துப்பாக்கி, துண்டு துண்டாக இருக்கும். வெளிறிய மரத்தில் முக்கால்வாசி செதுக்கிய கட்டை. எட்டுப் பட்டையாகச் சீவிய இரும்புக் குழல், இயந்திரம் ஓடிய கோடுகள் இன்னும் அழியாமல். அச்சில் வார்த்த பித்தளைத் துண்டுகள் சில, ஓரத்தில் வார்ப்புப் பிசிறோடு. சுத்தியல்போல் விழுந்து அடிக்கும் குதிரையையும் அதை இழுத்துத் தள்ளும் வில்லையும் தாங்கி நிற்கும் ஒரு தகடு; அதை ‘லாக்’ என்பார்கள். திருகுகள், மருந்து திணிக்கும் கோல் ஒன்று. மீதி வேலை வாங்கியவர் பாடு.

இப்படி விற்கும் கிட்களில் பெயர் பெற்றது ‘கென்டக்கி பிஸ்டல்’. 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பக்கம் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் நீண்ட குழல் வேட்டைத் துப்பாக்கிகளைச் செய்தார்கள். அவற்றுக்குப் பிற்காலத்தில் கென்டக்கி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அதே பாணியில் அமைந்த கைத்துப்பாக்கிதான் இது. இன்றைய கிட்கள் பலவும் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் தயாராகி அமெரிக்காவுக்குக் கப்பலேறுகின்றன. பழைய முறைத் துப்பாக்கிகளை நேசிப்பவர்களுக்கு அங்கே 1933 முதல் ஒரு தேசிய சங்கமே இருக்கிறது. இண்டியானா மாநிலத்தின் ஃப்ரெண்ட்ஷிப் என்ற சிற்றூரில் அவர்கள் கூடிச் சுடுகிறார்கள். 1976இல் அமெரிக்கா தன் சுதந்திரத்தின் 200ஆவது ஆண்டைக் கொண்டாடியபோது இந்த ஆர்வம் இன்னும் பரவியது.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம், வாய் வழியாக மருந்து திணிக்கும் இந்த வகையைப் பழம்பொருள் கணக்கில் வைத்து, மற்றத் துப்பாக்கிகளுக்குரிய பெரும்பாலான கட்டுப்பாடுகளிலிருந்து விலக்குகிறது; சில மாநிலங்கள் தனி விதி வைத்திருக்கின்றன. இந்தியாவில் அப்படி இல்லை. நம் மலையோர ஊர்களில் நாட்டுத் துப்பாக்கி என்று சொல்வதும் இதே வகைதான். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அதற்கு உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் வைத்திருப்பதும் செய்வதும் குற்றம். ஆகவே, இங்கே உட்கார்ந்துகொண்டு இதை நாம் செய்யப் போவதில்லை. அந்த மேசைக்கு அருகே நின்று, என்ன நடக்கிறது, ஏன் அப்படி நடக்கிறது என்று பார்க்கப் போகிறோம். பார்க்கத் தகுந்த விஷயம் அதில் நிறையவே இருக்கிறது.

துப்பாக்கி வேலை செய்யும் விதம் எளிது. குழலின் வாய் வழியாக அளந்த கருமருந்தைக் கொட்டி, துணி சுற்றிய ஈயக் குண்டை அதன் மேல் வைத்து, கோலால் அடிவரை தள்ளுகிறோம். குழலின் பின்பக்கம் சிறு துளையுள்ள ஒரு முளை இருக்கும். அதன் தலையில் ஒரு குட்டிச் செம்புத் தொப்பியைச் செருகுகிறோம். அதற்குள் அடிபட்டால் பற்றிக்கொள்ளும் ரசாயனம் துளி இருக்கும். விசையை இழுத்தால் குதிரை அதன் மேல் விழுகிறது, பொறி துளை வழியே உள்ளே போகிறது. கருமருந்து என்பது நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். இந்த வெடியுப்புக்காகத்தான் ஐரோப்பியக் கம்பெனிகள் பீகாரில் பாட்னா சுற்றுவட்டாரத்தை மொய்த்தன; கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் ஊர் திரும்பும்போது அடித்தட்டில் மூட்டை மூட்டையாக அது போகும். அந்தக் காலத்து ஆங்கிலேயத் துப்பாக்கி சுட்ட மருந்தில் நம் நாட்டு மண்ணின் உப்பு இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். நன்றாக முடித்த ஒரு கென்டக்கி பிஸ்டலைக் கையில் கொடுத்தால் யாரும் முதலில் கேட்பது, “குழலுக்கு என்ன பெயிண்ட் அடித்தீர்கள்? கட்டைக்கு எந்தக் கம்பெனி வார்னிஷ்?” என்றுதான். குழல் அடர் பழுப்பில், பளபளக்காமல், வெளிச்சத்தை உள்வாங்கிக்கொண்டு இருக்கும். கட்டைக்குள் ஏதோ ஓர் ஆழம் தெரியும். அழகுபடுத்துவது என்றாலே மேலே எதையோ பூசுவது என்று நாம் பழகிப்போயிருக்கிறோம். சுவருக்கு டிஸ்டெம்பர், கதவுக்கு எனாமல் என்று பார்த்துப் பார்த்து வந்த எண்ணம் அது.

இங்கே இரண்டுமே பூச்சு இல்லை. குழலின் பழுப்பு, துரு. அந்த இரும்பே மாறி உண்டான துரு, வேண்டும் என்றே வரவழைத்தது. கட்டையின் மினுக்கம், மரத்துக்குள் ஊறிப்போய் அங்கேயே கெட்டியான எண்ணெய். இரண்டு இடத்திலும் வேலை செய்வது காற்றில் இருக்கும் ஆக்சிஜன். செய்பவரின் வேலை அதற்கு இடம் கொடுப்பதும், சரியான நேரத்தில் அதைத் தடுத்து நிறுத்துவதும்தான். இது மனதில் உட்கார்ந்துவிட்டால், கிட்டோடு வரும் குறிப்புத்தாளில் உள்ள விசித்திரமான கட்டளைகள் எல்லாம் தாமாகப் புரிய ஆரம்பிக்கும்.

முதலில் மர வேலை. பெட்டியில் வரும் கட்டையில் குழலும் லாக்கும் உட்கார வேண்டிய குழிகளைப் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே வெட்டியிருப்பார்கள். கடைசி மயிரிழை மட்டும் நம் பங்கு. அதைக் கண்ணால் பார்த்துச் செய்ய முடியாது. விளக்குப் புகைக்கரியை எண்ணெயில் குழைத்து இரும்பின் அடிப்பக்கத்தில் மெல்லத் தடவி, குழிக்குள் வைத்து அழுத்தி, நேராக மேலே எடுக்கிறோம். மரம் எங்கே இடிக்கிறதோ அங்கே கறுப்புப் பொட்டு விழும். அந்தப் பொட்டை மட்டும் உளியால் சுரண்டிவிட்டு மறுபடி வைத்துப் பார்க்கிறோம். ஆரம்பத்தில் இரண்டு மூன்று பொட்டுதான் விழும். வேலை சரியாகப் போனால் பொட்டுகள் பெருகும். கடைசியில் குழி முழுக்கச் சீராகக் கறுக்கும். இரும்பு முழுப் பரப்பிலும் மரத்தைத் தொடுகிறது என்று அப்போது அர்த்தம்.

இவ்வளவு பாடு அழகுக்காக மட்டும் இல்லை. மருந்து வெடிக்கும்போது குழல் பின்னோக்கி உதைக்கும். அந்த உதையைக் கட்டை பரவலாக வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரே முனையில் மட்டும் இரும்பு முட்டிக்கொண்டிருந்தால், மரம் அந்த இடத்தில் பிளந்துகொள்ளும்.

கிட்காரர்கள் கட்டையை வேண்டுமென்றே தடிமனாக விட்டிருப்பார்கள். தனக்கென்று மாற்றிக்கொள்ள நினைப்பவருக்கு இதுதான் பெரிய வாய்ப்பு. என்னைக் கேட்டால், வெள்ளிப் பூ பதிப்பதையும் பித்தளை ஆணி அடிப்பதையும்விட, வேண்டாத மரத்தை எடுப்பதுதான் மேலான அலங்காரம். பிடியைக் கைக்கேற்ற வளைவுக்குக் கொண்டுவந்து, குழலுக்கு அடியிலிருக்கும் முன்பகுதியை மெலிதாக்கினாலே பொம்மை மாதிரி இருந்தது துப்பாக்கி ஆகிவிடும். இதை அரத்தாலும், சின்ன மரத்துண்டில் சுற்றிய உப்புத்தாளாலும் செய்வார்கள். வெறும் விரலால் தாளை அழுத்தினால் மென்மையான இடம் பள்ளமாகி, கட்டை அலையலையாகிப் போகும். இன்னொன்று, பித்தளையையும் லாக்கையும் மாட்டி வைத்துக்கொண்டே தேய்க்க வேண்டும். கழற்றிவிட்டுத் தேய்த்தால் குழியின் ஓரங்கள் மழுங்கிவிடும். திரும்ப மாட்டும்போது இரும்பைச் சுற்றி ஒரு பள்ளம் தெரியும். தெரிந்தவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

தேய்த்து முடித்த மரத்தை அடுத்து ஈரத்துணியால் துடைக்கிறார்கள். பார்க்கிறவருக்கு வயிற்றைக் கலக்கும். இத்தனை நேரம் வழவழப்பாக்கிவிட்டு இப்போது நனைப்பானேன்? உப்புத்தாள் அழுத்திப் படுக்க வைத்த நார்கள் ஈரம் பட்டதும் எழுந்து நிற்கும். காய்ந்தபின் தடவினால் கன்னத்தில் முளைத்த தாடி மயிர்போல் சொரசொரக்கும். அதை மெல்லத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி நனைக்கிறார்கள். நனைத்தும் எழாத நிலை வரும்வரை இது நடக்கும். இப்போது செய்யாவிட்டால் உள்ளங்கை வியர்வை பட்ட முதல் நாளே அந்த நார்கள் எழுந்துகொள்ளும்.

அடுத்தது மரத்தின் நிறம். மலிவான கிட்களில் பெரும்பாலும் பீச் மரம் வரும். இறுக்கமான, வெளிறிய மரம் அது. சாயத்தை அங்கங்கே திட்டுத் திட்டாக வாங்கும். கடையில் கிடைக்கும் வால்நட் நிறச் சாயத்தை நீர்க்கக் கரைத்து, பலமுறை லேசாக ஏற்றுவதுதான் வழி. ஆனால் பென்சில்வேனியாக் கொல்லர்கள் பயன்படுத்தியது மேப்பிள். அதிலும் நார் நேராகப் போகாமல் நெளிந்து நெளிந்து போகும் மேப்பிளைத் தேடி எடுத்தார்கள். நெளிவில் நாரின் நுனி மேற்பரப்பைத் தொடும் இடம் சாயத்தை அதிகம் குடிக்கும், பக்கவாட்டாகப் படுத்த இடம் குறைவாகக் குடிக்கும். அதனால் வரி வரியாக நிழலும் ஒளியும் விழுகிறது.

அந்த மேப்பிளுக்கு அவர்கள் போட்ட சாயம் என்ன தெரியுமா? நைட்ரிக் அமிலத்தில் இரும்புத் துகளைக் கரைத்த நீர். தடவும்போது மரம் அசிங்கமான பச்சை மஞ்சளாகத் தெரியும். பழுக்கக் காய்ச்சிய இரும்பை மரத்துக்குச் சற்றுத் தள்ளிப் பிடித்தால், சூடு பட்ட இடம் கண்ணெதிரே செம்பழுப்பாகத் திரும்பும். கரைசலில் இருந்த இரும்பு அந்தச் சூட்டில் ஆக்சைடாக மாறி நாருக்குள் தங்கிவிடுகிறது. கவனித்தீர்களா, மரத்துக்கும் நிறம் கொடுத்தது இரும்புத் துருவின் உறவுதான். இன்று இந்தக் கரைசல் தயாராகவே விற்கிறது. சூடு காட்ட ஹீட் கன் இருக்கிறது. அமிலத்தை வீட்டில் கலக்கத் தேவையில்லை, கலக்கவும் கூடாது. தயாராக வாங்கியதையும் கையுறையோடு திறந்த வெளியில்தான் கையாள வேண்டும். பிறகு சமையல் சோடா கரைத்த நீரால் மரத்தைத் துடைத்துவிடுகிறார்கள். மிச்ச அமிலம் அப்போதுதான் அடங்கும்.

அதன் மேல் எண்ணெய். ஆளிவிதை எண்ணெய், அல்லது அதை அடிப்படையாகக் கொண்ட ஏதாவது ஒன்று. எண்ணெய் ‘காய்கிறது’ என்று சொல்கிறோமே, அது நம்மைத் தவறாக நினைக்க வைக்கும். தண்ணீர் காய்வது என்றால் ஆவியாகப் போய்விடுவது. ஆளிவிதை எண்ணெய் எங்கும் போவதில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கி, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு திடப்பொருளாகிவிடுகின்றன. புதுத் தோசைக்கல்லை வீட்டில் எப்படிப் பழக்குகிறோம்? எண்ணெயைத் துளித் தடவி, சூடாக்கி, துடைத்து, மறுபடி தடவி. சில வாரத்தில் கல்லின் மேல் கறுத்து வழவழத்த ஒரு படலம் உருவாகிவிடும். அது எண்ணெய்தான், ஆனால் இனி கழுவினாலும் போகாத எண்ணெய். தோசைக்கல்லில் அடுப்புச் சூடு சில நிமிடத்தில் செய்வதைத் துப்பாக்கிக் கட்டையில் காற்று நாள்கணக்கில் செய்கிறது. கல்லில் ஒரேயடியாக எண்ணெயை ஊற்றிப் பழக்கினால் பிசுபிசுவென்று ஒட்டும், இல்லையா? இங்கேயும் அதுவேதான். உள்ளங்கைச் சூட்டில் தேய்த்து ஏற்றி, மிச்சத்தைத் துடைத்து எறிந்து, முழுசாக இறுகும்வரை காத்திருந்து, பிறகு அடுத்த கை. தடித்துப் போட்டால் மேலே தோல் கட்டும், உள்ளே ஆக்சிஜன் போகாது, ஆறு மாதம் ஆனாலும் ஒட்டும்.

இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. இதைச் சொல்லாமல் இந்த வேலையைப் பற்றி யாரும் எழுதக் கூடாது என்று நினைக்கிறேன். எண்ணெய் ஆக்சிஜனை வாங்கும்போது சூடு பிறக்கும். கட்டையின் மேல் அந்தச் சூடு காற்றில் கலந்து போய்விடும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் சூடு வெளியேற வழியில்லை. சூடு ஏற ஏற எண்ணெய் இன்னும் வேகமாக ஆக்சிஜனை வாங்கும், இன்னும் சூடாகும். நெருப்புக்குச்சியே இல்லாமல் துணி பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரி 23 அன்று, பென்சில்வேனியாவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தின் 22ஆவது மாடியில் தீ பிடித்தது. மரவேலை செய்தவர்கள் விட்டுப்போன ஆளிவிதை எண்ணெய்த் துணிகளிலிருந்து கிளம்பிய தீ அது. தீயணைப்பு வீரர்கள் மூன்று பேர் இறந்தார்கள். கட்டடத்தைக் கடைசியில் இடித்தே ஆக வேண்டியதாயிற்று. ஆகவே வேலை முடிந்ததும் துணியை விரித்துக் கொடியில் காயப்போட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் நிரம்பிய மூடி போட்ட தகர டப்பாவில் போட வேண்டும். வீட்டில் ஜன்னல் கதவுக்கு ஆளிவிதை எண்ணெய் போடும் ஆசாரி வந்தாலும் இதைச் சொல்லிவிடுங்கள்.

இனி குழலுக்கு வருவோம். முதல் வேலை, இயந்திரக் கோடுகளை எடுப்பது. அரத்தைக் குழலுக்குக் குறுக்காக இரண்டு கையாலும் பிடித்து, நீளவாக்கில் தன்னை நோக்கி இழுக்கிறார்கள். எட்டுப் பட்டையும் எட்டுப் பட்டையாகவே இருக்க வேண்டும். மூலைகள் மழுங்கினால் அழகு அங்கேயே போச்சு. குழலின் பின்பகுதியில் சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். அதிக மருந்து போட்டுச் சுட்டுச் சோதித்ததற்கான அரசு அடையாளம் அவை. அவற்றின் மேல் அரம் படவே கூடாது. குழலின் பின்னடைப்பையும் திருகிக் கழற்றக் கூடாது. வெடியின் அழுத்தம் முழுவதையும் தாங்குவது அந்த இடம். வெளித்தோற்றம் நம் உரிமை, உள்ளமைப்பு தயாரித்தவருடையது. இந்த எல்லையை எந்தக் கைத்திறனும் தாண்டக் கூடாது.

இரண்டாவது, எண்ணெய்ப் பசை போகக் கழுவுவது. கைரேகை பட்டாலும் அந்த இடத்தில் துரு ஏறாமல் வெளுப்பாக ரேகை ரேகையாக நிற்கும். அதனால் இதன் பிறகு கையுறைதான். குழலின் இரு வாயையும் மரமுளையால் இறுக அடைக்கிறார்கள், உள்ளே துரு நுழையக் கூடாது. அந்த முளைகளே பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் ஆகிவிடும்.

இப்போது துருநீர். அமிலமும் உலோக உப்புகளும் கலந்தது. பழைய புத்தகங்களில் உள்ள செய்முறைகளில் பாதரச உப்புகூட இருக்கும். அது கொடிய விஷம், அந்தப் பக்கமே போகாமல் கடையில் விற்பதை வாங்குகிறார்கள். பிழிந்த துணியில் தொட்டு, ஒரே இழுப்பில், ஒரு பட்டைக்கு ஒரு முறை. திரும்பத் தேய்த்தால் செம்புநிறத் திட்டு விழும். பிறகு குழலை ஈரக் காற்றில் தொங்கவிட வேண்டும். கடலோரத்தில் இருப்பவர்களுக்குக் காற்றே போதும். வறண்ட மாநிலங்களில் ஒரு மரப்பெட்டிக்குள் வெந்நீர்ப் பாத்திரத்தை வைத்து, மேலே குழலைத் தொங்கவிட்டு மூடுகிறார்கள். சில மணி நேரம் கழித்துத் திறந்தால் செய்தவர் முகம் வாடிப்போகும். குழல் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் பொடிப்பொடியாகத் துரு, ஓர் இடத்தில் அதிகம், ஓர் இடத்தில் இல்லவே இல்லை. குப்பைமேட்டில் கிடந்த குழாய் தோற்றுப்போகும்.

இங்கேதான் பலர் பயந்து எல்லாவற்றையும் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டு, ஒரு டப்பா பெயிண்ட் வாங்கப் போகிறார்கள். கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம். மெல்லிய இரும்பு நாரை எடுத்துக்கொள்கிறார்கள். அது கடையிலிருந்து எண்ணெய்ப் பசையோடு வரும். அதையும் முன்பே கழுவியிருக்க வேண்டும். லேசாகத் தேய்த்தால் ஆரஞ்சுப் பொடி உதிர்ந்து தாளில் விழுகிறது. அடியில் குழல் சாம்பல் நிறத்தில், இங்கும் அங்கும் இளம்பழுப்பு படிந்து நிற்கிறது. பொடி போனது, ஒட்டிக்கொண்டது மட்டும் தங்கியது. மறுபடி துருநீர், மறுபடி ஈரப்பெட்டி, மறுபடி இரும்பு நார். இரண்டாம் முறை பழுப்பு பரவுகிறது. நான்காம் ஐந்தாம் முறையில் திட்டுகள் ஒன்றுசேர்ந்து, எதிர்பாராத ஒரு பொழுதில் குழல் முழுக்க ஒரே அடர் பழுப்பாக நிற்கிறது. விரல் நகத்தால் கீறினாலும் வராது. வர வேண்டியதில்லை, அது மேலே ஒட்டிய பொருள் அல்ல, குழலின் தோலே மாறியிருக்கிறது.

அப்படியானால் துரு இரும்பைத் தின்னும் என்று நாம் கற்றது பொய்யா? இல்லை. துருவாகும்போது இரும்பு, தான் இருந்த இடத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அடுக்கு தடிக்கத் தடிக்க நெருக்கடியில் பிதுங்கி, செதில் செதிலாக உரிந்து விழும். கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்தால் மேல்கூரை சிமென்ட் பெயர்ந்து விழுவது இந்த வீக்கத்தால்தான். செதில் உரிந்ததும் புது இரும்பு வெளியே தெரிகிறது, அதையும் ஈரம் பிடிக்கிறது, இப்படியே உள்ளே போய்க்கொண்டிருக்கும். பழுப்பேற்றும் வேலையில் உரியக்கூடிய துருவை ஒவ்வொரு முறையும் நாமே தேய்த்து எடுத்துவிடுகிறோம். மிஞ்சுவது மிக மெல்லிய, நுண்மணிகளாலான, இரும்போடு இறுகிய அடுக்கு. அந்த அடுக்கில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அவை எண்ணெயையோ மெழுகையோ பிடித்து வைத்துக்கொள்ளும். பளபளப்பான இரும்பில் எண்ணெய் நிற்காது, ஒரு துடைப்பில் போய்விடும். ஆக, துருவைத் தடுப்பதில் பாதி வேலை அந்த அடுக்குடையது, மறு பாதி அதில் தங்கும் எண்ணெயுடையது. எண்ணெய் போடாமல் விட்டால் பழுப்பேற்றிய குழலும் கெட்டுப் போகும்.

எண்ணெய்க்கு முன்னால் துருவை நிறுத்த வேண்டும். நிறம் பிடித்துவிட்டது என்று துருநீருக்குத் தெரியாது. சமையல் சோடாவை வெந்நீரில் குழைத்துத் தடவிக் கழுவி, காயவைத்து, குழல் சூடாக இருக்கும்போதே எண்ணெய் போட்டு ஊறவிடுகிறார்கள். இதை அரைகுறையாகச் செய்தவர்களுக்கு, மறுநாள் காலை எண்ணெய்க்கு மேலேயே புது ஆரஞ்சு பூத்திருக்கும்.

பழுப்பு வேண்டாம், கறுப்பு வேண்டும் என்பவர்கள் ஒரே ஒரு படி கூட்டுகிறார்கள். ஒவ்வொரு முறை துரு ஏறியதும், தேய்ப்பதற்கு முன்னால் குழலைச் சுத்தமான நீரில் முக்கிக் கொதிக்க வைக்கிறார்கள். கொதிநீரில் செந்துரு, மேக்னடைட் என்ற கருந்துருவாக மாறிவிடும். அதுவும் இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்ததுதான், சேர்ந்த கணக்கு மட்டும் வேறு. தேய்த்து எண்ணெய் போட்டால் கருநீலமாக மின்னும். பழைய துப்பாக்கிகள் பலவற்றின் நீலம் என்று நாம் வியப்பதும் துருதான். மின்னாத பழுப்புக்கோ வேறொரு பயன் இருந்தது. 1800ஆம் ஆண்டு ஆங்கிலேயப் படை எடுத்துக்கொண்ட பேக்கர் துப்பாக்கியின் குழல் பழுப்பேற்றியது. காட்டில் பதுங்கிச் சுடுபவனை வெயிலில் மின்னும் குழல் காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா.

பித்தளையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வார்ப்புப் பிசிறை அரத்தால் எடுத்துத் தேய்த்தால் போதும். நித்தம் நித்தம் பாலிஷ் போடாமல், அதை அதன் போக்கில் மங்கவிடுவதே பழுப்புக் குழலுக்குப் பொருத்தம்.

ஒருவர் இதைச் சுடவும் செய்தால், வேறு வகைத் துரு காத்திருக்கிறது. கருமருந்து எரிந்தால் பாதிக்கும் மேல் புகையாகவும் கசடாகவும் திடப்பொருளாகவே மிஞ்சும். பொட்டாசியம் உப்புகளான அந்தக் கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சி, குழலின் உட்புறத்தை ஓரிரு நாளில் அரித்துவிடும். இதற்குத் தனி மருந்து வேண்டாம். கசடு தண்ணீரில் கரையும். சோப்புத் தண்ணீரால் அன்றே கழுவி, காயவைத்து, எண்ணெய் போட்டால் போதும். கருமருந்துக்குப் பதில் இக்காலப் புகையற்ற மருந்தை இதில் போட்டால் குழல் வெடித்துவிடும். பழைய துப்பாக்கி எதையாவது கையில் எடுத்தால், உள்ளே மருந்து இருக்கிறதா என்று கோலை விட்டு அளந்து பார்ப்பதே முதல் வேலை. கோல் குழலின் அடிவரை போகாமல் நின்றால், எப்போதோ யாரோ திணித்தது இன்னும் அங்கேயே இருக்கிறது. கருமருந்து ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும்.

இந்த வேலை முழுவதும் புதுக் கிட்டுக்கு மட்டும்தான். தாத்தா காலத்து உண்மையான பழந்துப்பாக்கி ஒன்று அலமாரியில் இருந்தால், அதைத் தேய்ப்பதும் புதிதாகப் பழுப்பேற்றுவதும் பெரிய இழப்பு. அதன் குழலில் இருப்பது நூறு இருநூறு ஆண்டுகளின் துரு. ஒரு வாரத்தில் ஈரப்பெட்டிக்குள் அதை வரவழைக்க முடியாது. மெல்லிய எண்ணெய் தடவி வைப்பதோடு கை நின்றுவிட வேண்டும்.

துப்பாக்கியே வேண்டாம், இந்த நிறமாற்றத்தை மட்டும் பார்த்தால் போதும் என்றால், ஒரு பெரிய இரும்பு ஆணி போதும். பளபளக்கும் துத்தநாகப் பூச்சுள்ள ஆணி ஆகாது. வெறும் இரும்பாணி வேண்டும். உப்புத்தாளால் தேய்த்து, சோப்பு போட்டுக் கழுவி, அதன்பின் விரல் படாமல் நூலில் கட்டி, வினிகரில் கொஞ்சம் உப்புக் கரைத்துத் தடவி, ஈரத்துணி போட்டு மூடிய பாட்டிலுக்குள் ஓர் இரவு தொங்கவிடுங்கள். காலையில் ஆரஞ்சாக இருக்கும். உப்புப் போக அலசிவிட்டு, ஆர்.ஓ. தண்ணீரில் பதினைந்து நிமிடம் கொதிக்க வையுங்கள். உப்பு நீர் உள்ள ஊர்களில் குழாய்த் தண்ணீர் திட்டு விடும். ஆரஞ்சு மறைந்து கறுப்பாகும். அதை இரும்பு நாரால் மெல்லத் தேய்த்து, தேங்காயெண்ணெய்க்குப் பதில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். நிறம் வெளிறித் தெரிந்தால் மறுபடி ஆரம்பத்திலிருந்து. மூன்றாம் முறைக்குள் ஆணி கறுத்துவிடும்.